சிவப்புப் பொட்டும் மச்சானின் தூக்கமும்

சீரண்ணனுக்கு அந்தப் பெயரைப் பெற்றவர்கள் வைக்கவில்லை. தாவர ஆராய்ச்சி நிலையத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. எந்தப் பேச்சை எடுத்தாலும் "எல்லாம் ஒரே சீரா இருக்கணும்" என்றுதான் முடிப்பார். தேநீர் ஒரே சீரான சூட்டில் இருக்க வேண்டும். பேருந்து ஒரே சீராக ஓட வேண்டும். மகளுடைய மதிப்பெண் ஏறாவிட்டாலும் போகிறது, ஒரே சீராக இருந்தால் சரி. மனிதர் மட்டும் ஒரே சீராக இருக்கமாட்டார். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

செடி வளர்க்கும் அறையைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. ஜன்னலே இல்லாத அறை. சுவரோரமாக இரும்பு அடுக்குகள், ஒவ்வொரு அடுக்கிலும் வரிசையாகச் சின்னத் தொட்டிகள், தொட்டிக்கு ஒன்றாக உள்ளங்கைக்குள் அடங்கும் செடிகள், தலைக்கு மேலே விளக்குகள். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ரெகுலேட்டர் உண்டு. அதன் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகச் சீரண்ணன் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். மனைவியின் நகப்பூச்சில் வைத்த பொட்டு. காணாமல் போன நகப்பூச்சுக்காக அந்த அம்மாள் மகளைத் திட்டித் தீர்த்தபோது இவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பொட்டை விட்டுக் குமிழ் மயிரிழை நகர்ந்தாலும் அவருக்குத் தாங்காது. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் கூட அவரைக் கேட்காமல் அதைத் தொடமாட்டார்கள். "நம்ம ரூம்ல வெளிச்சம் ஆடாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அந்தப் பெருமைக்கு அவர் தகுதியானவர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

வீட்டில்தான் சீர் கெட்டுக் கிடந்தது. காரணம் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்று ஒரு துணிப்பையோடு வந்தவன். அந்தப் பையில் இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்கள். முப்பது வயது தாண்டிய ஆள். எந்த வேலையிலும் ஒட்டமாட்டான். பகலில் நன்றாகத் தூங்குவான். சாயங்காலம் சீரண்ணன் வீட்டுப் படியேறினால், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எதிரே வந்து நின்று ஏதாவது ஒரு அசட்டுக் கேள்வியைக் கேட்டுவைப்பான்.

"மாமா, செடிக்குக் கொட்டாவி வருமா?"

அவ்வளவுதான். நாள் முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வரும். செடியில் ஆரம்பித்து, சோம்பேறித்தனத்தில் நுழைந்து, அவன் படிக்காத படிப்பு வரைக்கும் போய், தெருவே கேட்கும்படி திட்டுவார். மச்சான் சுவரில் சாய்ந்தபடி தலையை ஆட்டிக்கொண்டே கேட்பான். திட்டி முடித்து முகம் கழுவிக்கொண்டு உட்காரும்போது சீரண்ணன் பச்சைக் குழந்தை மாதிரி இருப்பார். குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால் "பாத்துக்கலாம்" என்பார். கணக்கில் மார்க் குறைந்துவிட்டது என்று மகள் தாளை நீட்டினால் பேனாவைக் கேட்பார். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"உன் தம்பி இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டாலும் ஒண்ணு" என்பார் மனைவியிடம். அவள் காதில் வாங்கிக்கொள்ளமாட்டாள்.

நிலையத்தில் கதவோர அடுக்கு ஓர் ஆராய்ச்சிப் பெண்ணுடையது. வாயைத் திறந்தால் மூடாத பெண். ஒருநாள் தேநீர் நேரத்தில் சீரண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இலைக்குள்ள பச்சையா இருக்குல்ல, அதுக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு மடிச்சு மடிச்சு வெச்சிருக்கும். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான் எல்லாம் அந்தச் சவ்வு வழியா ஓடும். சவ்வுல பதிஞ்சிருக்கிற புரதங்கள் ஒண்ணுகிட்ட இருந்து ஒண்ணு வாங்கி வாங்கிக் கை மாத்தி விடும். கடைசியில போய்ச் சேர்ற இடத்துலதான் சர்க்கரை பண்றதுக்கு எடுத்துக்குவாங்க. புரியுதா?"

"சினிமாக் கொட்டகை வாசல்ல கூட்டத்தை உள்ள விடுற மாதிரி."

"அதேதான்! திடீர்னு வெளிச்சம் அதிகமானா கூட்டம் முண்டியடிக்கும். கடைசி இடத்துல நெரிசல். நெரிசல்ல அந்த இடமே பொசுங்கிப் போயிரும். அப்படி ஆகாம இருக்கத்தான் ஒரு புரதம் இருக்குன்னு நான் சொல்றேன். அது கொஞ்சம் எலக்ட்ரானைத் திருப்பி, வந்த வழியிலயே சுத்த விடும். சுத்தச் சுத்த சவ்வோட உள்பக்கம் புளிப்பு ஏறும். புளிப்பு ஏறினா வழியில நடுவுல இருக்கிற வாசல் இறுக்கிக்கும், கூட்டம் மெதுவாத்தான் போகும். மிச்ச வெளிச்சத்தைச் செடி சூடா வெளியே கொட்டிரும். பொசுங்காம தப்பிச்சுக்கும்."

"சரி, அந்தப் புரதம் இல்லாத செடி?"

பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. கையால் அடுக்கைக் காட்டினாள். புரதம் உள்ள செடியும் இல்லாத செடியும் ஒன்று விட்டு ஒன்றாக நின்றன. எது எதுவென்று தொட்டிக்கு அடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டும் கொழுகொழுவென்று இருந்தன. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசமே இல்லாத ஒரு புரதத்துக்கு எதற்கு ஓர் அடுக்கு என்று இயக்குநர் கேட்டுவிட்டாராம். அடுத்து அவர் பார்வையிட வரும்போது காட்ட எதுவும் இல்லையென்றால் அடுக்கு வேறொருவருக்குப் போய்விடும்.

"எங்க வீட்லயும் அப்படி ஒண்ணு இருக்கும்மா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு சீரண்ணன் குவளையைக் கழுவப் போனார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. தண்ணீர்க் கேனைத் தூக்கக் குனிந்தவரை இரண்டு பேர் நிமிர்த்த வேண்டியிருந்தது. மல்லாந்து படுத்துக் கிடக்க வேண்டும், எழுந்தால் நான் பொறுப்பில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். படுத்தவருக்கு இடுப்பு வலியைவிட அறையின் கவலைதான் பெரிதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, தம்பி சும்மாதானே இருக்கான். அவனை அனுப்பி வைங்களேன். தண்ணி ஊத்தத் தெரியாதா அவனுக்கு?"

"அவனா? என் ரூமுக்கா?"

"ஒரு தடவை நம்பித்தான் பாருங்களேன்."

சீரண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். யோசித்தது அறையைப் பற்றி அல்ல. "சரி. ஆனா ஒண்ணு. என் ரூம்ல ஒரு செடிக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவன் இந்த வீட்ல இருக்கக் கூடாது. ஒண்ணும் ஆகலைன்னா எத்தனை நாள் வேணா இருக்கட்டும், நான் வாயே திறக்கல."

மனைவி ஒப்புக்கொண்டாள். தண்ணீர் ஊற்றுவதில் ஒரு மனிதன் எப்படித் தோற்க முடியும் என்று அவளுக்கு நம்பிக்கை.

சீரண்ணன் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பிய நாளில் கதவோர அடுக்கு பாதி செத்துக் கிடந்தது. வெளிறிப்போன இலைகள் தொட்டி விளிம்பில் தொங்கின. மற்ற அடுக்குகளெல்லாம் நன்றாக இருந்தன. மச்சான் பூவாளியைப் பிடித்துக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி நின்றான்.

"தண்ணி ஊத்துனியா?"

"வேளாவேளைக்கு ஊத்துனேன் மாமா."

"ரெகுலேட்டர்ல கை வெச்சியா?"

"சத்தியமா வைக்கல மாமா."

சீரண்ணன் போய்க் குமிழைப் பார்த்தார். சிவப்புப் பொட்டில் அச்சு அசலாக நின்றது. ஆகவே அவன் சொன்ன உண்மையை நம்பவில்லை, பொய்யை நம்பினார். தண்ணீர் ஊற்றாமல் தூங்கியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்று சாயங்காலமே மச்சான் வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டு, பையை உதறி, இரண்டு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டான். "வர்றேன்க்கா" என்றான். அக்கா தடுக்கவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. ஆனால் வெங்காயத்தைப் பொறுக்கியபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் உரிக்காமலே வந்தது என்பதைச் சீரண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

இனிமேல் வீடு ஒரே சீராக இருக்கும் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் மனிதர் ஏமாந்தார். மறுநாள் வேலை முடிந்து படியேறினார். எதிரே யாரும் வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கோபத்தைக் கழற்றி வைக்க இடமில்லாமல் அப்படியே உள்ளே கொண்டுபோனார். குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னதும் அவள்மேல் பாய்ந்தார். அவள் மகள்மேல் பாய்ந்தாள். மகள் கதவை அறைந்து சாத்தியதில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து என்னவென்று கேட்டார். அவரோடும் சண்டை. அதற்கு அடுத்த நாள் மனைவி பேசுவதையே நிறுத்திவிட்டாள். தட்டு மட்டும் மேசையில் டொக்கென்று வந்து உட்காரும்.

இப்படி வீட்டிலிருந்து தப்பித்து வேலைக்கு ஓடிவந்தவரை ஆராய்ச்சிப் பெண் வாசலிலேயே மடக்கினாள். கண் இரண்டும் பளபளத்தன. செத்த தொட்டிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியிலுள்ள சீட்டையெல்லாம் பார்த்துவிட்டிருந்தாள்.

"அண்ணே, செத்தது பூரா புரதம் இல்லாத செடி. ஒண்ணு விடாம! அது இருக்கிற செடி எல்லாம் நல்லா இருக்கு. தண்ணி இல்லாம செத்திருந்தா பக்கத்து பக்கத்துல இருக்கிற எல்லாமேல்ல செத்திருக்கணும்?"

"அப்புறம் எதனால?"

"வெளிச்சம் ஆடியிருக்கு. குறைஞ்சு, திடீர்னு கூடி, திரும்பக் குறைஞ்சு. யாரோ இந்த ரெகுலேட்டரைத் திருகிக்கிட்டே இருந்திருக்காங்க."

சீரண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. "என் ரூம்ல வெளிச்சம் ஆடாதும்மா."

"அதான் அண்ணே பிரச்சினையே! ஆடாத வெளிச்சத்துல இந்தப் புரதத்துக்கு வேலையே வராது. வேலை வந்தாத்தானே அதோட அருமை தெரியும்? நீங்க இவ்வளவு ஒழுங்கா பாத்துக்கிட்டதுனாலதான் எனக்கு ஒண்ணும் தெரியாம போச்சு."

பாராட்டா பழியா என்று புரியாமல் அவர் விழித்தார். பெண் விடவில்லை. யார், எப்போது, எப்படித் திருகினார்கள் என்று தெரிந்தால் அதையே திரும்பச் செய்து காட்டலாம். தெரியாவிட்டால் தண்ணீர் ஊற்ற மறந்த கணக்கில்தான் போகும், அடுக்கும் போய்விடும் என்றாள்.

அவள் போன பிறகு சீரண்ணன் அந்த அடுக்கின் பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். இத்தனை காலத்தில் அதில் அவர் உட்கார்ந்ததே கிடையாது. விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. கண்ணை மூடினாலும் இமைக்குள்ளே சிவப்பாகக் குத்தியது. இந்த வெளிச்சத்தில் யாராலும் தூங்க முடியாது. மச்சான் பகலெல்லாம் தூங்காமல் இருந்தான் என்றால் அவனைப் பெற்றவளே நம்பமாட்டாள். அப்படியானால் அவன் வெளிச்சத்தைக் குறைத்திருக்க வேண்டும். நடைபாதையில் யாரோ தேநீர் குடிக்கப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. சீரண்ணன் தன்னை அறியாமல் விறைத்து உட்கார்ந்தார், கை தானாகக் குமிழை நோக்கிப் போனது. எல்லாம் விளங்கிவிட்டது. குமிழைக் குனிந்து பார்த்தார். சிவப்புப் பொட்டின் ஓரம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம். சொன்னால், ஆடாத அறையில் வெளிச்சம் ஆடியது ஊருக்கே தெரியும். செய்யாத குற்றத்துக்கு ஒருவனை வீட்டைவிட்டு அனுப்பியதும் தெரியும். பிறகு வீட்டு மேசையில் டொக்கென்று உட்காரும் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து புறப்பட்டார்.

மச்சான் ஒரு நண்பனின் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் இருந்தான். பழைய டயர்களை அடுக்கி அதன்மேல் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தவன், மாமாவைக் கண்டதும் எழுந்தான்.

"ரெகுலேட்டரைத் திருகுனியா இல்லையா?"

"இல்ல மாமா."

"திருகியிருந்தா நல்லதுடா."

மச்சான் உஷாரானான். "திருகலை மாமா."

"தூங்குறப்ப குறைச்சு வெச்சே. ஆள் வர்ற சத்தம் கேட்டா கூட்டுனே. அதானே?"

"நான் தூங்கவே இல்ல."

"டேய், நீ தூங்குனதுனாலதான் அந்தப் பொண்ணோட ஆராய்ச்சியே பிழைச்சிருக்கு. நீ தண்ணி ஊத்துனதும் உண்மைதான். தப்பு என்னோடது. நான் அவசரப்பட்டுட்டேன்."

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த நண்பன் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். சீரண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை அதுவரை யாரும் கேட்டதில்லை. மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு அசடு வழிந்தான்.

"கொஞ்சம் கண்ணை மூடினேன் மாமா. செருப்புச் சத்தம் கேட்டா முழுசா கூட்டி விட்டுருவேன். பளிச்சுனு இருந்தா வேலை நடக்குற மாதிரி இருக்கும்ல. அவங்க போனதும் இறக்கிருவேன். வீட்டுக்குக் கிளம்புறப்ப பொட்டுல கொண்டுபோய் நிறுத்திருவேன். அந்த வழியா ஓயாம தேத்தண்ணி குடிக்கப் போறாங்க, நிம்மதியா தூங்கவே முடியல."

ஆராய்ச்சிப் பெண் அதைக் கேட்டுக் கைதட்டிவிட்டாள். இயக்குநரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அவர் பார்வையிடும் நாளைத் தள்ளிப்போட வைத்தாள். புதுச் செடிகள் முளைத்ததும் ஓர் அடுக்கில் இரண்டு வகையும் சிவப்புப் பொட்டு வெளிச்சத்தில் நின்றன. கதவோர அடுக்கில் அதே இரண்டு வகையும் மச்சானின் பொறுப்பில் விடப்பட்டன. அவன் செய்ய வேண்டியது முன்பு செய்த அதே வேலைதான், தூங்குவது. வெளிச்சம் ஏறுவதையும் இறங்குவதையும் ஒரு கருவி குறித்துக்கொண்டது. தன் குமிழை அவன் இஷ்டத்துக்குத் திருகுவதைப் பார்க்கச் சகிக்காமல் சீரண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"தலையணை கிடைக்குமா மாமா?" என்று ஒருநாள் கேட்டான். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார்.

இயக்குநர் பரிவாரத்தோடு வந்தபோது நடைபாதையில் காலடி தடதடத்தது. மச்சான் பழக்க தோஷத்தில் துள்ளி எழுந்து குமிழை முழுதாகத் திருகிவிட்டு, தலையணையை மார்போடு அணைத்தபடி நின்றான். இயக்குநர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"யாரு இந்த ஆளு? இங்க தூங்கிட்டா இருந்தார்?"

ஆராய்ச்சிப் பெண் சீரண்ணனைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"என் மச்சான், சார். நான் லீவுல இருந்தப்ப இந்த ரூம்ல வெளிச்சம் ஆடிச்சு. இவர்தான் ஆட்டுனார். இவர் தூங்கலைன்னா இந்தச் சோதனையே கிடையாது."

இயக்குநர் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் அடுக்குக்குத் திரும்பினார். கதவோர அடுக்கில் புரதம் இல்லாத செடிகள் வெளிறித் தலை தொங்கிக் கிடந்தன. அது உள்ள செடிகள் நிமிர்ந்து நின்றன. பக்கத்து அடுக்கில் இரண்டும் ஒன்றுபோலக் கொழித்தன. தொட்டிகளை அவரே தூக்கி அடியிலுள்ள சீட்டைப் பார்த்தார், இன்னொன்றையும் பார்த்தார்.

"சும்மா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு" என்றார் கடைசியில். "அடுக்கு உன்கிட்டயே இருக்கட்டும்மா." வெளியே போகும்போது சீரண்ணனிடம் திரும்பி, "ஆனா அந்தத் தலையணையை எடுத்துருங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தை சீரண்ணனை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருடைய அறையில் போய்த் தலையணையா! பேருந்தில் இடமும் கிடைக்கவில்லை. இடுப்பு வேறு விண்விண்ணென்று தெறித்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுப் படியேறினார். உள்ளே மகளும் மனைவியும் எதற்கோ சிரிக்கும் சத்தம். வெங்காயம் திரும்பவும் பைக்குள் போயிருந்தது. முன்னாலேயே வந்துவிட்ட மச்சான் எதிரே வந்து நின்றான்.

"மாமா, இந்த எலக்ட்ரான் எல்லாம் இருட்டானா எங்க போய்ப் படுத்துக்கும்?"

சீரண்ணன் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவனுடைய முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டத் தயாராகச் சுவரில் சாய்ந்து நின்ற விதத்தையும் பார்த்தார். இத்தனை வருஷம் இந்த வாசலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அவன்மேல் பாசமாகவும் இருந்தது.

"வேணாம் மச்சான்" என்றார் தணிந்த குரலில். "இன்னைக்கு எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல."

"இருக்கு மாமா" என்றான் மச்சான். "தெருமுனையிலயே செருப்புச் சத்தம் கேட்டேன். சும்மா திட்டிட்டு உள்ள போங்க. அக்கா குழாயைப் பத்திப் பேசணும்னு காத்துக்கிட்டு இருக்கா."

சீரண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தார். பிறகு தெருவே கேட்கும்படி திட்டினார்.